வெயில் பக்கம்

குடிக்கிற தண்ணீரில் தர்ப்பூசணி வாசம் அடித்தது.

லெனோரா பிக்கெட் குவளையை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு முறை முகர்ந்தாள். சந்தேகமே இல்லை. நறுக்கி வெகுநேரம் வெளியே வைத்துவிட்ட பழத்தின் வாசம். இனிப்பு முன்னால் வர, அதன் முதுகுக்குப் பின்னால் லேசாக ஒரு அழுகல். காலையில் அவளே வாளியைத் தூக்கிக்கொண்டு குடிலுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் ஏறி, கண் கூசும் அளவுக்கு வெள்ளையான இடமாகத் தேடி, மேல்பனியை ஒதுக்கிவிட்டு உள்பனியை அள்ளி வந்திருந்தாள். அது அடுப்போரம் உருகித் தெளிந்து, குவளையின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரியும்படி நின்றது. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. மூக்குக்கு மட்டும் இருந்தது.

"ஓடிஸ், என் வாளியில கை வெச்சியா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப இந்த நாத்தம் எங்கேருந்து வருது?"

"நாத்தமா?" அவன் திரும்பவில்லை. "எனக்கு நல்லாத்தான் இருக்கு."

அவனுக்கு எதுதான் நன்றாக இல்லை? ஈரச் சாக்ஸும் நன்றாக இருக்கும், தகர டப்பா பீன்ஸும் நன்றாக இருக்கும். அந்த வாசத்துக்குப் பயந்து குவளையைக் கீழே வைக்க லெனோரா ஒன்றும் பாசிக்காரி இல்லை. அவன் பார்க்கட்டும் என்றே நின்ற இடத்தில் முழுவதையும் குடித்து, குவளையைச் சத்தம் வரும்படி கவிழ்த்தாள். அவன் பார்க்கவில்லை. கிழக்கு ஜன்னலோடு ஒட்டி நின்று, கண்ணாடிமேல் நெற்றியை வைத்து, வெயிலை வாங்கிக்கொண்டிருந்தான்.

பனியில் வளரும் பாசியை ஆராய்கிறவர்களை அவள் அப்படித்தான் சொல்வாள்; பாசிக்காரர்கள் என்பது லெனோராவின் வாயில் ஒரு வசைச்சொல். அவள் பனிக்கட்டியை அளப்பவள். ஜூனோ நகரத்துக்குப் பின்னால் மலைகளின் தலைமேல் விரிந்து கிடக்கும் பனிவெளியில், பனியை முட்டிக்கொண்டு எழுந்து நிற்கும் கறுப்புப் பாறையின் தோளில் பல்கலைக்கழகம் அறைந்து வைத்த இந்தத் தகரக் குடிலுக்கு மாணவியாக வந்தவள், தலை நரைத்த பிறகும் ஒவ்வொரு கோடையும் வந்துகொண்டிருந்தாள். பனியாற்றில் கம்பங்களை நட்டு, எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு உருகியது என்று பார்ப்பது வேலை. பனியாறு என்றால் ஒரு மலையையே தேய்த்துப் பள்ளத்தாக்காக்கிவிடுகிற பொருள். அதன்மேல் ஒட்டியிருக்கும் அழுக்குக்குத் தன் வாழ்நாளைக் கொடுக்கிறவனை அவள் எப்படி மதிப்பாள்?

கோடையில் பனி ஆங்காங்கே சிவந்து தர்ப்பூசணி வாசம் வீசுவது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒற்றைச் செல் பாசி. வேர் இல்லை, தண்டு இல்லை, வாய் இல்லை. வெயில் சுடாமல் இருக்கச் சிவப்புச் சாயம் பூசிக்கொள்ளும். சாயம் வெயிலை இழுக்கும், பனி உருகும், உருகிய தண்ணீரில் அது பெருகும். மீன்தொட்டிக் கண்ணாடியில் வழவழவென்று படிவதை நாம் சுரண்டிச் சாக்கடையில் விடுகிறோமே, அதேதான்; இங்கே அதைச் சுரண்டுகிறவனுக்கு முனைவர் பட்டம் கொடுக்கிறார்கள். சுற்றுலாக் கப்பலில் வந்து, ஹெலிகாப்டரில் ஏறி வருகிற கூட்டம் அதைக் கண்டதும் ரத்தம் என்று கூவிப் படமெடுத்துக்கொள்ளும். அப்படி வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவது லெனோராவுக்குக் கோடைக்கால சந்தோஷங்களில் ஒன்று.

ஆனால் இந்த வருஷம் பாசிக்காரனையே கூடத் தங்க அனுப்பிவிட்டார்கள். பனி வேகமாக உருகுவதற்குப் புகைக்கரியும் தூசியும் காரணம் என்று அவள் காலமெல்லாம் எழுதியிருக்க, இப்போது எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் பாசி, பாசி என்றே பேசினார்கள். அதில் முன்வரிசை ஆள் ஓடிஸ் ஹெம்லி. நாற்பது வயதுக்காரன், சாதுவான முகம், எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். உலகத்தில் எங்கெல்லாம் பனி இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ச் சுரண்டி எடுத்துக் குப்பிகளில் அடைத்து, குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். கிரீன்லாந்தின் ஊதா. ஆல்ப்ஸின் சிவப்பு. ஆண்டிஸ் உச்சியின் ஆரஞ்சு. அண்டார்டிகாக் கரையின் பச்சை. இந்த ஊர்ப் பாசியோடு ஒப்பிடப் போகிறானாம். அவற்றைக் 'குட்டிங்க' என்று சொன்னான்.

சண்டை வந்தது ஒரு மீனால். குடிலுக்குப் பின்னால் பனியில் தோண்டிய குழிதான் இருவருக்கும் குளிர்சாதனப் பெட்டி. அதில் குப்பிகளுக்கு இடம் போதாமல் ஓடிஸ் அவளுடைய புகையூட்டிய சால்மனை எடுத்து மேலே வைத்துவிட்டான். அண்டங்காக்கைகள் தின்றுவிட்டுத் தோலை மட்டும் மரியாதையாக விட்டுப்போயிருந்தன. லெனோரா கத்தவில்லை. அவன் வேலையாகக் கீழே போயிருந்தபோது குழியருகே உட்கார்ந்து, ஒவ்வொரு குப்பியாகத் திறந்து, ஒவ்வொன்றின் பெயரையும் படித்து, சரிவில் ஊற்றினாள். முதலில் அண்டார்டிகா. அவசரமே படவில்லை. பல நிறங்களும் பனியில் ஒன்றாகக் கலந்து, பழைய காயம் கன்றின மாதிரி ஆகி, சற்று நேரத்தில் உள்ளே இறங்கிவிட்டன. பனி மறுபடி வெள்ளையானது.

திரும்பி வந்த ஓடிஸ் காலிக் குப்பிகளைப் பார்த்தான். சரிவில் மண்டியிட்டு உள்ளங்கையைப் பனிமேல் வைத்தான். அவன் அழுவான், அல்லது ஒரு தடவையாவது ஆம்பிளை மாதிரி கத்துவான் என்று அவள் காத்திருந்தாள்.

"பரவாயில்ல டாக்டர்," என்றான். "பாவம், அதுங்க ஒண்ண ஒண்ணு பாத்ததே இல்ல. ஒண்ணு வடக்குல, ஒண்ணு தெக்குல. இப்பதான் எல்லாம் ஒரே இடத்துல இருக்கு."

"செத்துப்போன பாசிக்குக் குடும்ப விழாவா?"

"சாகாது டாக்டர். உள்ளதான் போயிருக்கு. ரெண்டு வால் அடிச்சு நீந்தி மேல வந்துடும். வெளிச்சம் எங்க இருக்குன்னு அதுங்களுக்குத் தெரியும்."

முதுகெலும்பில்லாதவன் என்று நினைத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். அன்று முதல் அவன் அந்தச் சரிவின் பனியைத்தான் கைநிறைய அள்ளித் தின்றான். அவளுக்கு வேண்டுமென்றே காட்டுகிறான் என்று தோன்றியது. அவளும் அதே சரிவில்தான் தண்ணீருக்குப் பனி எடுத்தாள். ஊற்றிய இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, மேலே.

தர்ப்பூசணி வாசம் அடித்த அன்று பகலில் மேகம் இறங்கியது. பனிவெளியில் மேகம் இறங்கினால் இருட்டாது, எல்லாம் வெளுத்துப்போகும். மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை, நடுவில் கோடு இல்லை. ஹெலிகாப்டர் பறக்க முடியாது. ஓடிஸின் மாணவர்கள் இரண்டு பேர் வருவதாக இருந்தது தள்ளிப்போனது. கீழே ஜூனோவில் ஹெலிகாப்டர் நிலையத்தில் ரேடியோவைப் பார்த்துக்கொள்கிற டெல்ஃபினா அதைச் சொல்லக் கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா, மேகம் கலையிற வரைக்கும் யாரும் வர மாட்டாங்க. சந்தோஷமா?"

"கலையவே வேண்டாம்னு பிரார்த்தனை பண்ணு."

"உங்களுக்காகப் பண்ணுனா சாமி எங்க காது குடுக்குது. அந்தத் தம்பி எப்படி இருக்காரு? இன்னும் உசிரோட விட்டு வெச்சிருக்கீங்களா?"

லெனோரா ஓடிஸைப் பார்த்தாள். அவன் ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தான். ஆனால் காலையில் கிழக்கு ஜன்னல். இப்போது தெற்கு ஜன்னல். சூரியன் எங்கே என்று மேகத்துக்குள் அவளால் சொல்ல முடியாது. அவன் முகம் சரியாக ஏதோ ஒன்றை நோக்கி நிமிர்ந்திருந்தது.

"இருக்கான்," என்றாள் ரேடியோவில்.

அதன்பிறகு அவளால் அவனைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பாசிக்காரனைக் கவனிப்பதே தனக்குக் கேவலம் என்று தோன்றியும் கவனித்தாள். தட்டில் வைத்த மாலுமி பிஸ்கட்டும் வெண்ணெயும் நேற்று வைத்தபடியே இருந்தன. முந்தின நாள் வைத்ததும் அதன் அடியில் இருந்தது. இரவெல்லாம் மரம் அறுப்பது போல் குறட்டை விடுகிறவன் இப்போதெல்லாம் விடுவதில்லை. சட்டையின் மேல்பொத்தான்கள் திறந்திருந்தன, கை சுருட்டியிருந்தது, எண்ணெய் ஹீட்டரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றான். கழுத்தும் முகமும் வெயிலில் வெந்தது போல் சிவந்திருந்தன. வெந்த தோல் உரியும். இது உரியவில்லை. உள்ளேயிருந்து விளக்கு வைத்தது போல் வழவழவென்று இருந்தது.

"ஏதாவது தின்னு. மயங்கி விழுந்தா உன்னைத் தூக்க எனக்கு முதுகு இல்ல."

"பசிக்கல டாக்டர். வயிறு நிறைஞ்சிருக்கு."

"எதால?"

அவன் கொஞ்சம் யோசித்தான். நியாயமான கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்ல விரும்புகிறவன் போல. பிறகு ஜன்னலைக் காட்டினான்.

லெனோரா சிரித்தாள். சிரிப்பு எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக வந்தது.

சாயங்காலம் அவள் தேநீர் போட எழுந்தபோது அவன் குடிலில் இல்லை. கதவு திறந்திருந்தது. வாசற்படியில் அவனுடைய பூட்ஸ்கள் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன, அவற்றுக்குள் சாக்ஸ்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன, பக்கத்தில் சட்டை. நாடகம் என்று நினைத்தாள். மேடையும் கூட்டமும் இல்லாத இடத்தில் இவன் கடைசியில் இப்படித்தான் செய்வான். கோட்டை மாட்டிக்கொண்டு, கயிற்றையும் பனிக்கோடரியையும் எடுத்துக்கொண்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே இறங்கினாள்.

வெறுங்கால் தடங்கள் சரிவில் ஏறின. தடம் அமுங்கிய இடமெல்லாம் பனி சிவந்திருந்தது. அதில் புதிது ஒன்றும் இல்லை. பாசிப் பனியை மிதித்தால் அமுங்கிச் சிவப்புத் தெரியும். ஆனால் அவள் பூட்ஸ் பதிந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. அவள் நின்று, தன் தடத்தையும் அவன் தடத்தையும் பார்த்தாள். பக்கத்துப் பக்கத்தில். ஒரே பனி. மேகத்துக்குள் எங்கோ தண்ணீர் பனிக்கடியில் ஓடும் சத்தம், தொண்டைக்குள் பேசுவது போல, நின்று நின்று கேட்டது. அந்த இனிப்பு வாசம் இங்கே காற்றிலேயே இருந்தது. மூச்சை வாயால் இழுத்தாள். நாக்கில் பட்டது.

சரிவு முடிகிற இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

இடுப்புக்கு மேலே துணி இல்லை. கைகள் உடம்பிலிருந்து சற்று விலகி, உள்ளங்கைகள் முன்னே திரும்பியிருந்தன. முகம் நிமிர்ந்து, வாய் திறந்து, கண்கள் விரியத் திறந்து. உடம்பின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. அவள் பக்கவாட்டிலிருந்துதான் ஏறி வந்தாள். முதுகு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஒரு மனிதனை நடுவில் கோடு போட்டு இரண்டு நிறத்தில் செய்தது போல.

"ஓடிஸ். போதும். வா."

அவள் முன்னால் போய் நின்று, அவன் கையைப் பிடித்தாள். கையுறை வழியாகவே தெரிந்தது. பனியைப் பிடிப்பதற்கும் அவனைப் பிடிப்பதற்கும் வித்தியாசம் இல்லை. அவள் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவன் திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

செத்துவிட்டான். நின்றபடியே. அவள் மனம் அதைச் சொல்லி முடித்து, அடுத்து என்ன செய்வது என்று ஒழுங்காக யோசிக்கத் தொடங்கிய நேரத்தில் அவன் உதடு அசைந்தது.

"டாக்டர்," என்றான், மிக மரியாதையாக. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நிழல் விழுது."

மேகத்துக்குள் நிழலே இல்லை. அவள் குனிந்து பார்த்தாள். தன் நிழல் எங்கும் விழவில்லை. ஆனால் அவள் உடம்பு மறைத்த இடத்தில், அவன் மார்பில், அவளுடைய தலையும் தோளும் போல ஒரு வடிவம் வெளுத்திருந்தது. அதன் விளிம்பில் சிவப்பு நெளிந்து, ஓரமாக ஒதுங்கி, வெளிச்சம் படும் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தோலுக்கு அடியில்.

அவள் தள்ளி நின்றாள். சொன்னபடி தள்ளி நின்றதை நினைத்துத்தான் திரும்பி ஓடும்போது அவளுக்கு முதலில் அவமானமாக இருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

குடிலுக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். ரேடியோவில் டெல்ஃபினாவைக் கூப்பிட்டு, ஓடிஸுக்கு உடம்பு சரியில்லை, குளிரில் புத்தி பேதலித்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். மேகம் கலைந்த நிமிஷமே அனுப்புகிறேன் என்றாள் டெல்ஃபினா. மற்றதை லெனோரா சொல்லவில்லை. சொன்னால் இந்தப் பனிவெளி முழுக்கச் சிரிக்கும். பாசியைப் பார்த்து ஓடிவந்த டாக்டர் பிக்கெட்.

நாற்காலியில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடம் எடுத்தாள். குளிரில் வாழ்கிற பாசி சூட்டில் வாழாது. கொஞ்சம் வெப்பம் ஏறினாலே வெடித்துச் சாகும். மனித உடம்பு அதற்கு உலை. உள்ளே போன மறுகணம் செத்திருக்கும். ஓடிஸின் உடம்பு குளிர்ந்துவிட்டது, அவன் கதை வேறு. அவள் உடம்பு சூடாக இருக்கிறது. அவள் உடம்பு சூடாகத்தான் இருக்கிறது.

அப்போதுதான் ஹீட்டர் முழு வேகத்தில் எரிவதும், அதற்கு வெகு தூரத்தில் தன் நாற்காலி இருப்பதும் அவளுக்குத் தெரிந்தது. நாற்காலியை யார் நகர்த்தினார்கள்? மேஜையில் காலையில் எடுத்து வைத்த பிஸ்கட் இருந்தது. தொட்டிருக்கவில்லை. நாள் முழுக்க அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை.

பசி இல்லை.

பனிக்குள் செருகி வெப்பம் பார்க்கும் கம்பி சுவரில் தொங்கியது. எடுத்தாள். நாக்குக்கு அடியில் வைத்து உதட்டை மூடினாள். உலோகம் சில்லென்று இருக்க வேண்டும். இல்லை. வாய்க்குள் ஒன்றுமே வைக்காதது போல இருந்தது. எடுத்துப் பார்த்தாள். தட்டினாள். திரும்பவும் வைத்தாள். கருவி பழுது என்றுதான் சொல்ல வேண்டும். அல்லது அவள் வாய்க்குள் இருக்கும் சூடு, பனியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

சாகடிக்கிறேன், இரு. சத்தமாகவே சொன்னாள். அழுக்கே. வழவழப்பே. சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு ஹீட்டரின் முன்னால் முட்டி போட்டு, இரண்டு கைகளையும் அதன் சூட்டுக்குள் நீட்டினாள்.

கைகள் சிவந்திருந்தன. அது இவ்வளவு நேரம் கண்ணில் படாதது எப்படி? நக நுனி வரை, வழவழவென்று, உள்ளே விளக்கு வைத்தது போல. சூடு பட்டதும் உள்ளங்கை வெளுக்கத் தொடங்கியது. வெறும் வெளுப்பு இல்லை. சிவப்பு நகர்ந்தது. மீன்குஞ்சுக் கூட்டம் ஒரே நேரத்தில் திரும்புமே, அப்படித் திரும்பி, விரல்களுக்குள் இருந்து பின்வாங்கி, புறங்கைக்கு வந்து, மணிக்கட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அவள் கையைத் திருப்பினாள். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனது. மறுபடி திருப்பினாள். மறுபடி. எப்படித் திருப்பினாலும் ஹீட்டருக்கு எதிர்ப்பக்கம். ஜன்னல் பக்கம்.

பல்லைக் கடித்துக்கொண்டு கையை இன்னும் உள்ளே நீட்டினாள். முழங்கை வரை வெளுத்தது. அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நெஞ்சுக்குள் பயம் எழுந்தது. லெனோராவுக்குத் தன் பயம் தெரியும். பனிப்பிளவில் ஒரு தடவை கயிற்றில் தொங்கியிருக்கிறாள். அது வயிற்றில் தொடங்கும், அதற்கு வார்த்தைகள் இருக்கும். இதற்கு வார்த்தை இல்லை. பெயர் இல்லை. முகம் இல்லை. எண்ண முடியாத சின்னச் சின்னப் பயங்கள், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் தள்ளின.

அந்தப் பயம் அவளுடையது இல்லை.

பிறகு ஹீட்டர் அணைந்திருந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. அணைத்த கை ஹீட்டரின் குமிழ்மேல் இருந்தது. அவள் கை.

மேகம் அடுத்த நாள் காலையில் கலைந்தது. வானம் கழுவி வைத்தது போல நீலமாக, பனிவெளி முழுக்க வெயில் கொட்டியது. லெனோரா அதைப் பார்த்தபோது அவளை மீறி வாயில் எச்சில் ஊறியது. அந்த ஒரு விஷயம்தான் அவளுக்கு முடிவெடுத்துக் கொடுத்தது. நகர முடிந்த வரையில் நகர்ந்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வெயில் படாத மூலையில் இருந்த ரேடியோவை எடுத்தாள்.

வாழ்க்கையில் அவள் யாருக்காகவும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. வரப்போவது இரண்டு மாணவர்கள், பெயர்கூடத் தெரியாது, பாசிக்காரர்கள் வேறு. ஆனால் அவர்கள் வருவார்கள், குப்பியில் பனித்தண்ணீர் பிடிப்பார்கள், குடிப்பார்கள், ஊருக்குத் திரும்பிப் போவார்கள்.

"டெல்ஃபினா. யாரையும் அனுப்பாத."

"ஏன் டாக்டரம்மா? நேத்து நீங்கதான் அந்தத் தம்பிக்கு உடம்பு சரியில்லன்னீங்க."

"இங்க வியாதி இருக்கு. தண்ணியில. அவனுக்கு வந்துடுச்சு. எனக்கும் வந்துடுச்சு. ஒருத்தரும் இறங்கக் கூடாது."

"என்ன வியாதி?"

லெனோரா வேறு சொல் தேடினாள். நுரையீரல், காய்ச்சல், விஷம், எதையாவது. நாக்கு மெதுவாக இருந்தது. வேறு எதுவும் வரவில்லை.

"பாசி."

ரேடியோ ஒரு கணம் கரகரத்தது. டெல்ஃபினா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

"டாக்டரம்மா, போன கோடையில படம் எடுக்க வந்தவங்கள, கரடி சுத்துதுன்னு சொல்லித் திருப்புனீங்க. அதுக்கு முன்னாடி, இறங்குற இடம் விரிசல் விட்டுருச்சுன்னீங்க. இப்ப பாசிக்காரங்க வராங்கன்னதும் பாசி வியாதியா?"

"இது நிஜம்."

"அதையேதான் அப்பவும் சொன்னீங்க." குரலில் கோபம் இல்லை, பழகிய ஒருத்தியின் கேலிதான் இருந்தது. "அவங்க கிளம்பியாச்சும்மா. உங்களுக்கு எங்க ஊர் லம்பியா ரோல் சுட்டுக் குடுத்தனுப்பியிருக்கேன். அந்தப் பிள்ளைங்க மேல எரிஞ்சு விழாம நாலு நல்ல வார்த்தை பேசுங்க, தேஞ்சு போயிட மாட்டீங்க."

"டெல்ஃபினா, கேளு. நான் கெஞ்சுறேன்."

"நீங்களா," என்றாள் டெல்ஃபினா, சிரித்துக்கொண்டே. "சரி, சரி. சாயங்காலம் பேசலாம்."

தொடர்பு அறுந்தது.

வெளியே போய்க் கையை ஆட்டித் திருப்பி அனுப்பலாம். முடியும். எழுந்தாள். வாசலை நோக்கி மூன்று அடி வைத்தாள். போர்வை எங்கோ நழுவியது. கதவு வலப்பக்கம். வலப்பக்கம் திரும்பினாள்.

கிழக்கு ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

நெற்றி கண்ணாடிமேல் இருந்தது. வெயில் முகத்தில் பட்டது. உடம்பு முழுக்க உள்ளிருந்து ஒரு நிறைவு, சாப்பிட்டு முடித்தது போல, இல்லை, ஆயிரம் வாய்கள் சாப்பிடத் தொடங்கியது போல. கழுத்தைத் திருப்பப் பார்த்தாள். வரவில்லை. கண்ணை மூடப் பார்த்தாள். இமை பாதியில் நின்றது.

ஹெலிகாப்டர் சத்தம்.

பாறைக்குக் கீழே பனியில் அது இறங்கியது. விசிறி கிளப்பிய பனித்தூள் அடங்கியதும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் பைகளோடு குதித்தார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார்கள். சரிவிலிருந்து ஓடிஸ் இறங்கி வந்தான், வெறுங்காலோடு, கைகளை விரித்துக்கொண்டு, சூரியனை விட்டு முகத்தைத் திருப்பாமல், பக்கவாட்டில் நடந்து. அந்தப் பெண் அவன் கோலத்தைப் பார்த்து ஏதோ கேலி சொன்னாள். பிறகு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பையன் சரிவின் அடியில் ஓடும் தண்ணீரருகே குந்தி, தன் தண்ணீர்க் குப்பியின் மூடியைத் திருகித் திறந்து நிரப்பினான்.

வேண்டாம். கத்தினாள். தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை.

கை மட்டும் இன்னும் அவளுடையதாக இருந்தது. வலது கை. தூக்கினாள். கண்ணாடியில் அடித்தாள். மறுபடி அடித்தாள். உள்ளங்கையை விரித்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, மறுபடி, மறுபடி.

பையன் நிமிர்ந்து பார்த்தான். குப்பி அவன் வாயருகே இருந்தது. "ஏய், டாக்டர் பிக்கெட் கையாட்டுறாங்க பாரேன்," என்றது திறந்திருந்த கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது. "அவங்க ரொம்ப மோசம்னாங்களே."

அந்தப் பெண்ணும் திரும்பினாள். ஹெலிகாப்டர்காரர் திரும்பினார். எல்லோரும் சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார்கள். பையன் ஆட்டிக்கொண்டே குடித்தான்.

லெனோராவின் கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. பிறகு பலம் இல்லாமல் நழுவி, பக்கத்தில் தொங்கியது. கண்ணோரத்தில் தெரிந்தது. விரல்கள் காகிதம் மாதிரி வெளுத்திருந்தன. ஒரு துளிச் சிவப்பு இல்லை.

சிவப்பு கண்ணாடியில் இருந்தது. ஐந்து விரல்கள், ரேகைகள், கட்டைவிரலின் பழைய தழும்பு உட்பட ஒரு முழுக் கை, உள்ளே விளக்கு வைத்தது போல, வெயிலில் பதிந்திருந்தது. அவள் முகத்துக்கு மிக அருகில். இமைக்க முடியாத அவள் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கையின் விரல்கள் ஒவ்வொன்றாக நீளத் தொடங்கின; கண்ணாடிமேல், மெல்ல, சூரியன் நிற்கும் பக்கமாக.